3.8-ஐ நான் கொல்லவில்லை

நேற்று முன்தினத்திலிருந்து என் லைப்ரரிக்கு எதிராகத் திறந்த அந்த இஷ்யூவை, அதாவது புகார்ப் பதிவை, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். அங்கேயே பதில் சொல்லலாம் என்று மூன்று முறை டைப் செய்து மூன்று முறையும் அழித்துவிட்டேன். கோபத்தில் எழுதியது அங்கே காலத்துக்கும் நிற்கும். அதனால் இங்கே.

விஷயம் இவ்வளவுதான். மற்ற புரோகிராமர்கள் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ள நான் இலவசமாகத் தரும் லைப்ரரியின் 2.6 ரிலீஸில், பைத்தான் மொழியின் 3.8 பதிப்புக்கான ஆதரவை நிறுத்தினேன். அதற்குக் கிடைத்த பட்டம், பொறுப்பில்லாதவர்.

பைத்தான் 3.8 வெளிவந்தது 2019 அக்டோபரில். அதை உருவாக்கியவர்களே 2024 அக்டோபரில் கடையைக் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம்கூடக் கிடையாது. திடீரென்று முளைத்த தேதியும் இல்லை, ஒரு பதிப்புக்கு ஐந்து வருடம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மொழியைச் செய்தவர்களே கைகழுவிய பதிப்பை, வேலை முடிந்து வந்து ராத்திரி பத்து மணிக்கு உட்காரும் நான் எதற்காகத் தூக்கிச் சுமக்க வேண்டும்? கணக்கு வேலைகளுக்கான பெரிய லைப்ரரியான நம்பை 2023 ஜூனில் வந்த 1.25-இலேயே 3.8-ஐ விட்டுவிட்டது. அப்போது 3.8-க்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆயுள் பாக்கி இருந்தது. நான் ஆயுள் முடியும்வரை காத்திருந்தேன். முடிந்த பிறகும் காத்திருந்தேன். என் முந்தைய ரிலீஸான 2.5-இலேயே எச்சரிக்கை போட்டேன். அந்த மஞ்சள் வரியை யாரும் படிக்கவில்லை என்றால் அது என் குற்றமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2.6 வந்ததால் 3.8-இல் இருப்பவர்களுக்கு எதுவும் உடைந்திருக்கக் கூடாது. இந்த ரிலீஸுக்கு 3.9 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று பேக்கேஜிலேயே எழுதியிருக்கிறது. லைப்ரரிகளை இறக்கி நிறுவும் கருவியான பிப் அதைப் படித்து, 3.8-இல் இருப்பவருக்குத் தானாகவே 2.5-ஐ எடுத்துக் கொடுக்கும். 2016-இல் வந்த பிப் 9-இலிருந்தே இப்படித்தான். அப்படியானால் இவர்களுக்கு எப்படி உடைந்தது? அவர்கள் இஷ்யூவில் ஒட்டிய லாக்கை (கணினி எழுதிய பதிவை) வரிவரியாகப் படித்தேன். புதுப் பைத்தான் இருக்கும் ஒரு கணினியில் எல்லாவற்றையும் இறக்கி, அந்த ஃபோல்டரை அப்படியே 3.8 ஓடும் சர்வரில் காப்பி செய்திருக்கிறார்கள். நேர மண்டலங்களைக் கையாளும் ஸோன்இன்ஃபோ என்ற மாட்யூல் இல்லை என்று பிழை வந்திருக்கிறது. வராமல் என்ன செய்யும்? அது பைத்தானுக்குள் வந்ததே 3.9-இல்தான்.

"ஒரு இஃப் போட்டால் முடிந்தது, இதற்கு எதற்கு இவ்வளவு ரகளை" என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு வரிதான் என்னை ரொம்பவும் வருத்தியது. 3.8 என்றால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய் என்னும் அந்த இஃப் ஏற்கெனவே இருந்தது. வருடக்கணக்கில் இருந்தது. 3.8-க்காக மட்டும் ஸோன்இன்ஃபோவின் பேக்போர்ட்டை, அதாவது பழைய பதிப்புக்கென்று செய்த நகலை, தனியாக இழுத்துக்கொண்டு வந்தோம். இம்போர்ட் இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் ட்ரை, எக்செப்ட்: இது இல்லையென்றால் அதை எடு. டெஸ்ட் ஓட்டும் பைடெஸ்ட்டே 8.4-இல் 3.8-ஐ விட்டுவிட்டது, அதனால் அதற்கு மட்டும் பழைய பைடெஸ்ட்டைப் பிடித்து வைக்க வேண்டும். ஒரு இஃப் என்பது எழுதும்போது ஒரு வரி. வருடம் முழுக்க அதைக் காப்பாற்றுவது யார்?

போன வருடம் ஒருவர் தன் வாழ்க்கையின் முதல் புல் ரெக்வெஸ்ட்டை (கோட்டில் சேர்க்கச் சொல்லித் தரும் மாற்றத்தை) எனக்கு அனுப்பினார். நல்ல கோட். ஒரு ஃபங்ஷனில் டைப்பை (எந்த வகை மதிப்பு வரும் என்பதை) லிஸ்ட், சதுர அடைப்பு, இன்ட் என்று எழுதியிருந்தார். இன்று பைத்தான் கற்கும் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இன்னோர் இடத்தில் ஒரு ஸ்ட்ரிங்கின் முன்னொட்டை நீக்க ரிமூவ்ப்ரிஃபிக்ஸ். இரண்டும் 3.9-இல் வந்தவை. டெஸ்ட் ஓட்டினால் மற்ற எல்லாப் பதிப்புகளிலும் பச்சை, 3.8-இல் மட்டும் சிவப்பு. மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். "எனக்கு ஏன் ஃபெயில் ஆகிறது என்றே புரியவில்லை, மன்னிக்கவும்" என்று எழுதிவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. புதிதாக ஒருவர் உதவிக்கு வருகிறார், அவரை ஆயுள் முடிந்த ஒரு பதிப்புக்காக நான் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். பொறுப்பில்லாத்தனம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

உனக்கென்ன தெரியும், பெரிய சிஸ்டங்களை நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது என்பார்கள். தெரியும். நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன்தான். 2019-இல் நான் வேலை செய்த இடத்தில் எல்லாம் பைத்தான் 2.7. 2020 ஜனவரி 1-உடன் அதற்கு ஆதரவு நிற்கிறது என்று ஐந்து வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். முதலில் 2015 என்று இருந்ததைத்தான் 2020-க்குத் தள்ளிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் மேனேஜர் ஒவ்வொரு காலாண்டும் "அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்றார். கடைசியில் நான்கு மாதம் ராப்பகலாக மாற்றினோம். பைட்ஸ் எது, ஸ்ட்ரிங் எது என்று தெரியாமல் வாடிக்கையாளர் பெயர்களெல்லாம் கேள்விக்குறியாக மாறி நின்ற ஒரு காலை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போது நாங்கள் செய்தது என்ன? பயன்படுத்திய ஒவ்வொரு லைப்ரரிக்கும் பதிப்பு எண்ணை அச்சாகப் போட்டுப் பூட்டி வைத்தோம். கோபம் இருந்தது, ஆனால் அது எங்கள் மேனேஜர் மேல். எந்த லைப்ரரிக்காரர் வீட்டு வாசலிலும் போய் நின்று கத்தவில்லை.

ஜாவா லைப்ரரியான லாக்4ஜே பழைய பதிப்புகளுக்குத் திருத்தம் கொடுக்கவில்லையா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான். 2021 டிசம்பரில் அதிலிருந்த பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது ஜாவா 6-க்கும் 7-க்கும்கூடத் திருத்தம் கொடுத்தார்கள். பெரிய மனசு. ஆனால் அது உலகமே பற்றி எரிந்த நேரம். 3.8-இல் ஓடும் 2.5-இல் அப்படி ஓர் ஓட்டை வந்தால் நானும் திருத்தம் போடுவேன், முன்பே எழுதியிருக்கிறேன். இவர்கள் கேட்பது அதுவல்ல. புது வசதிகள் வேண்டும், பழைய பைத்தானிலேயே வேண்டும், இலவசமாக வேண்டும். பத்து வருடம் பழையதிலேயே இருக்க வேண்டும் என்றால் அதற்கென்றே காசு வாங்கிக்கொண்டு ஆதரவு தருபவர்கள் இருக்கிறார்கள். ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் 8-இல் பைத்தான் 3.6 இன்னும் ஓடுகிறது, அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்?

பெரிய மாற்றம் என்று எண்ணிலேயே தெரிய, 2.6 என்று போடாமல் 3.0 என்று போட்டிருக்கலாமே என்பது ஒரு வாதம். சரி, போட்டிருக்கலாம். அப்படிப் போட்டிருந்தாலும் அந்த ஃபோல்டரை காப்பி செய்துதான் இருப்பார்கள்.

எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம் வெளிவந்தது 2024 மார்ச்சில். வருடக்கணக்கில் ஒரே ஆள் காசு வாங்காமல் பார்த்துக்கொண்ட மென்பொருள் அது. ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு என்று முகம் தெரியாதவர்கள் அவரைக் குடைந்தார்கள். கடைசியில் உதவிக்கு வந்து நம்பிக்கையைச் சம்பாதித்த கைதான் உள்ளே பின்கதவு வைத்தது. அப்போது எல்லோரும் மெயின்டெய்னர்களை, இப்படி மென்பொருளைப் பராமரிப்பவர்களை, பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினீர்கள். இந்த இஷ்யூவில் புகாருக்கு ஆதரவாகக் கட்டைவிரல் போட்டிருப்பவர்களில் இரண்டு பேர் அன்றைக்கு அப்படி எழுதியவர்கள். நான் மறக்கவில்லை.

இந்த லைப்ரரியை ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. நன்றி என்று வந்த மெயில்களை ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். பதினொன்று இருக்கிறது. இந்த இரண்டு நாளில் வந்த வசவு அதைவிட அதிகம்.

இஷ்யூவை மூடிவிட்டேன். 2.5 இருந்த இடத்திலேயே இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், போன வருடம் சிவப்பில் நின்றுபோன அந்தப் புல் ரெக்வெஸ்ட்டை நேற்றிரவு எடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை, எல்லாம் பச்சை. அவர் பெயரிலேயே 2.6.1-இல் சேர்த்துவிட்டு, அவருக்கு ஒரு மெயில் போட்டிருக்கிறேன்.