உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?

போன வாரம் சின்னவளுக்கு ஷூ வாங்கப் போயிருந்தோம். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். நடக்கும்போது அடியில் மினுக் மினுக்கென்று விளக்கு எரியுமே, அந்த ஷூவைத்தான் இரண்டு வருடமாக அடம்பிடித்து வாங்கிக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் கேட்பதற்கு முன்னால் நானே எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப அலமாரியில் வைத்தாள். “லைட் வேண்டாம்மா. டிரில்ல எல்லாரும் இருட்டுல உட்கார்ந்திருப்போம். இது எரிஞ்சா நாங்க இருக்கிற இடம் தெரிஞ்சுடும்.”

சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த நீல ஷூவைக் காலில் மாட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அது முடிந்துபோன பேச்சு. எனக்கு இன்னும் முடியவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே அமெரிக்காவில், பள்ளியில் தீப்பிடித்தால் எப்படி வெளியே போவது என்று பழக்குவதுபோல, துப்பாக்கிக்காரன் உள்ளே வந்தால் என்ன செய்வது என்றும் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். டீச்சர் கதவைப் பூட்டி விளக்கை அணைப்பார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் எல்லோரும் ஒட்டி உட்கார வேண்டும். மூச்சுக் காட்டக் கூடாது. கதவை யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது உண்டு.

நாங்கள் டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே இருக்கிறோம். 2023 மே மாதம் ஆலன் ஊர் அவுட்லெட் மாலில் ஒருவன் சுட்டு எட்டுப் பேரைக் கொன்றானே, அந்த மால் எங்களுக்கு நம் ஊர்க் கடைத்தெரு மாதிரி. அதற்கு ஒரு வருடம் முன்புதான் இதே மாநிலத்தில் யுவால்டி ஊர்ப் பள்ளியில் ஒரு பையன் புகுந்து சுட்டான்.

ஒவ்வொரு முறையும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அதே காரணங்கள்தான் சுற்றுகின்றன. வீடியோ கேம். மனநோய். விவாகரத்து. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போவது. கடவுள் பயம் போய்விட்டது. இவற்றில் எதையும் ஒன்றுமே இல்லை என்று நான் தள்ளவில்லை. ஆனால் ஜப்பானிலும் கொரியாவிலும் பிள்ளைகள் விடிய விடிய கேம் ஆடுகிறார்கள். மனநோய் இல்லாத நாடு எது? சர்ச்சுக்குப் போகிறவர்கள் அமெரிக்காவைவிடக் குறைவாக இருக்கும் நாடுகள் ஐரோப்பாவில் எத்தனையோ. அங்கெல்லாம் எட்டு வயதுப் பெண் ஷூவில் விளக்கு எரியுமே என்று யோசிப்பதில்லை.

யுவால்டியைப் பற்றி டெக்சாஸ் சட்டமன்றக் குழு 2022 ஜூலையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. போலீஸ் என்ன செய்யத் தவறியது என்பதைத்தான் எல்லோரும் படித்தார்கள். 376 பேர் வந்து சேர்ந்தும், ஒரு மணி நேரத்துக்கு மேலாக, 77 நிமிடம், அந்த வகுப்பறைக்குள் நுழையாமல் நின்றார்கள். அது மன்னிக்க முடியாதது. பத்தொன்பது பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள் செத்துப்போனார்கள். ஆனால் அதே அறிக்கையில் சுட்ட பையனைப் பற்றியும் சில பக்கங்கள் உண்டு. என்னை அதிகம் உலுக்கியது அதுதான்.

அவன் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. பேச்சு திக்கும் பையன். நான்காம் வகுப்பில் திக்குவாய்க்காகவும், போட்ட துணிக்காகவும், வெட்டிய முடிக்காகவும் கிண்டல் செய்யப்பட்டவன். பள்ளிக்கு வருவது குறைந்துகொண்டே போனது. பதினேழு வயதாகியும் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டவில்லை. கடைசியில் பள்ளியே அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அப்புறம் ஆன்லைனில் இருந்தவர்கள் அவனை ‘ஸ்கூல் ஷூட்டர்’ என்றே கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். பதினெட்டு ஆகும் முன்பே துப்பாக்கி வாங்கித் தரச் சொல்லி இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறான். அவர்கள் மறுத்தார்கள், நல்லது. ஆனால் விஷயம் அத்தோடு நின்றுவிட்டது. பதினெட்டாவது பிறந்தநாள் முடிந்த சில நாட்களுக்குள் ஏ.ஆர்-15 வகைத் துப்பாக்கிகள் இரண்டைச் சட்டப்படி, வாங்குகிறவரின் பழைய பதிவுகளைப் பார்க்கும் பின்னணிச் சோதனையெல்லாம் முடித்து, வாங்கினான். போன இடம் எது தெரியுமா? நான்காம் வகுப்பில் அவன் உட்கார்ந்திருந்த அதே அறை.

அவன் செய்ததற்கு இதெல்லாம் நியாயம் ஆகாது. கிண்டலுக்கு ஆளான பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்கள் யாரையும் கொல்வதில்லை. நான் சொல்ல வருவது வேறு. அவனைச் சுற்றி இருந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுத் தகவல் இருந்தது. டீச்சரிடம் ஒன்று, பள்ளி அலுவலகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று, போனில் பேசியவர்களிடம் ஒன்று. யாரும் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. உனக்கு என்னடா ஆச்சு என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரும் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊர்ப் பள்ளியில் கேட்பதற்கான வாய்ப்பு மேசைமேலேயே வந்து விழுந்தது. 2021 நவம்பர் 30 காலை, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கணக்குத் தாளில் துப்பாக்கி படம் வரைந்து, இந்த எண்ணங்கள் நிற்க மாட்டேன் என்கின்றன, எனக்கு உதவுங்கள் என்று எழுதியிருந்தான். டீச்சர் பார்த்துவிட்டார். பெற்றோரைக் கூப்பிட்டார்கள். அவர்களும் வந்தார்கள். நான்கு நாள் முன்பு அவனுக்காக அப்பா ஒரு கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். அதைப் பற்றி அந்த அறையில் பெற்றோர் வாய் திறக்கவில்லை, பள்ளிக்காரர்களும் கேட்கவில்லை. பையைத் திறந்து பார்க்கவில்லை. பெற்றோர் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். துப்பாக்கி அந்தப் பைக்குள்தான் இருந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நான்கு பிள்ளைகள் செத்துப்போனார்கள்.

2024-இல் அந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பத்து முதல் பதினைந்து வருடம் சிறை. மகன் பள்ளியில் சுட்டதற்காகப் பெற்றோர், கொல்லும் நோக்கமில்லாமல் மரணத்துக்குக் காரணமான குற்றத்தில் தண்டனை பெற்றது அமெரிக்காவில் அதுதான் முதல் முறை. அதே வருடம் செப்டம்பரில் ஜார்ஜியாவில் பதினான்கு வயதுப் பையன் சுட்டு நால்வர் இறந்தார்கள். அதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே, ஆன்லைனில் வந்த மிரட்டலைப் பற்றித் தகவல் கிடைத்து, போலீஸ் அவன் வீட்டுக்குப் போய் விசாரித்திருந்தது. அதன் பிறகும் அப்பா அவனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் துப்பாக்கி கொடுத்திருக்கிறார். இதை நான் மூன்று முறை படித்தேன்.

ஜனாதிபதிக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் சீக்ரெட் சர்வீஸ் 2008 முதல் 2017 வரை பள்ளிகளில் நடந்த 41 தாக்குதல்களை ஆராய்ந்தது. துப்பாக்கி பயன்பட்டவற்றில் முக்கால்வாசியில், அது பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்தது. பெரும்பாலான பையன்கள் முன்கூட்டியே யாரிடமாவது ஏதோ ஒரு விதத்தில் சொல்லியும் இருந்தார்கள். பிறகு, நடக்காமல் தடுக்கப்பட்ட 67 திட்டங்களையும் அதே அமைப்பு ஆராய்ந்தது. அதிகமும் வெளியே வந்தது கூடப் படிக்கும் பிள்ளைகள் பெரியவர்களிடம் போய்ச் சொன்னதால்தான். மெட்டல் டிடெக்டரைவிட, பயமில்லாமல் வந்து சொல்லக்கூடிய ஒரு டீச்சர் பள்ளியில் இருப்பது பெரிய பாதுகாப்பு என்று நான் நினைப்பது இதனால்தான்.

அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் ஏறக்குறைய 39 கோடித் துப்பாக்கிகள் இருப்பதாக 2018-இல் ஒரு கணக்கு வந்தது. ஜனத்தொகை 33 கோடி. மனம் வெந்துபோன பையன் எல்லா நாட்டிலும் இருக்கிறான். அவன் கை நீட்டும் தூரத்தில் இது கிடக்கும் நாடு இது.

பள்ளியைப் பற்றியே பேசினால் முழுப் படமும் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் இந்த நாட்டில் கொலைகள் ஒரே வருடத்தில் முப்பது சதவீதம் அளவுக்குக் கூடின. அதன் பிறகு நன்றாகவே குறைந்திருக்கின்றன. ஆனால் அதே 2020 முதல், ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்கள் அதிகம் சாவது கார் விபத்தில் அல்ல, துப்பாக்கியால். அதில் பள்ளியில் சாகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் தெருவிலும் வீட்டிலும், பலர் தங்கள் கையாலேயே. எல்லா வயதையும் சேர்த்தால் துப்பாக்கிச் சாவில் பாதிக்கு மேல் தற்கொலை. அந்தச் சாவுகளுக்கு டிவி வேன் வருவதில்லை.

எனக்கு இந்தப் பயம் அமெரிக்கா வருவதற்கு முன்பே தொடங்கியது. 2007 ஏப்ரலில் கோயம்புத்தூரில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒருவன் 32 பேரைக் கொன்றான். இறந்தவர்களில் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன் எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர். நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது நடந்தது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “அங்கயா கண்ணு போகோணும்ங்கற?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, அங்கே சுட்டவனை அவனுக்கே அவனால் ஆபத்து என்று 2005-லேயே நீதிமன்றம் சொல்லிச் சிகிச்சைக்குப் போக உத்தரவிட்டிருந்தது. அந்தத் தகவல் பின்னணிச் சோதனைப் பட்டியலுக்குப் போய்ச் சேரவில்லை. கடையில் துப்பாக்கி கொடுத்துவிட்டார்கள். அங்கேயும் ஒருவர் கையிலிருந்த துண்டு இன்னொருவருக்குப் போகவில்லை.

சரி, நான் என்ன செய்தேன்? ஷூ வாங்கிய மறுநாள், சின்னவளின் தோழி வீட்டுக்கு விளையாடக் கூப்பிட்டிருந்தார்கள். குழந்தையை விடும் முன் வீட்டில் துப்பாக்கி உண்டா என்று கேளுங்கள் என்று இங்கே குழந்தை மருத்துவர்கள் சொல்வதுண்டு. எட்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. நாய் இருக்கிறதா, நிலக்கடலை அலர்ஜி உண்டா என்பதெல்லாம் கூச்சமில்லாமல் கேட்போம். இதைக் கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பார்களோ என்று தயக்கம். அன்று வாசலில் நின்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. “இரண்டு இருக்கிறது, பெட்டகத்தில் பூட்டி வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள்” என்று கூட்டிப் போய்க் காட்டினார். என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. என் பெரியவன் தினமும் சாயங்காலம் போய் உட்காருவது எதிர்வீட்டு அண்ணா வீட்டில். நாமக்கல்காரர், பத்து வருடப் பழக்கம். நம்மவர்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்று குறிவைத்துத் திருடுகிறார்கள் என்று பயந்து, இரண்டு வருடம் முன்பு கைத்துப்பாக்கி வாங்கினார். எங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். முன்பின் பழகாத அம்மாவிடம் கேட்கத் துணிந்த நான் இவரிடம் கேட்டதே இல்லை.

அன்று ராத்திரி போனேன். “எங்கண்ணா வெச்சிருக்கீங்க?”

“பீரோல மேல் தட்டு. உங்க அண்ணி பட்டுப்புடவைக்கு அடியில. பசங்களுக்குத் தெரியாது.”

அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். “அவனுக்குத் தெரியும்ங்க. தீபாவளிக்கு அந்தப் புடவைய எடுத்துத் தாடான்னு அவன்கிட்டத்தான் சொன்னேன்.”

பையனுக்குப் பதினைந்து வயது. அண்ணாவைவிட உயரம். அண்ணா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து மாடிக்குப் போனார். மறுநாள் காலையிலேயே பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி வந்துவிட்டது, குண்டுகளுக்குத் தனிப் பெட்டி.

அண்ணா மேலே போனதும் அண்ணி மெதுவாகச் சொன்னார், பையன் இப்போதெல்லாம் சாப்பிடக்கூட அறையை விட்டு வருவதில்லையாம். என் மகன் வந்தால் மட்டும் கதவு திறக்கிறதாம். என்னடா ஆச்சு என்று கேட்க வேண்டும் என்று ஒரு மாதமாக நினைக்கிறாராம், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லையாம். நறுக்கின வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். மணி பத்தரை ஆகிவிட்டது.