அப்பத்தாவின் ஈக் கணக்கு

(கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு, இரண்டாம் கட்டு. குன்னூரில் வேலை பார்க்கும் பேரன் லீவுக்கு வந்திருக்கிறான். அவனுக்குத் தாத்தாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கணவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் அப்பத்தாவுக்கு அவன் 'அப்பு'. எவ்வளவு கோபம் வந்தாலும் முழுப் பெயர் சொல்லித் திட்ட முடியாது. பையன் பிழைத்து வருவது அந்த ஒரு சலுகையில்தான்.)

அப்பத்தா: அப்பு, இங்கே வா. என் முந்தானையில் என்ன தொங்குகிறது பார்.

அப்பு: அசையாதீங்க அப்பத்தா. அது ஆடம்ஸ்.

அப்பத்தா: யார் அவன்? என் முந்தானையில் அவனுக்கு என்ன வேலை?

அப்பு: தூண்டில் ஈ, அப்பத்தா. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டின பொய் ஈ. ட்ரவுட் மீன் பிடிக்கிறது. 1922-ல் அமெரிக்காவில், மிச்சிகனில் கட்டினது.

அப்பத்தா: அந்தக் காலத்துச் சாமானா? பளபளவென்று இருக்கிறதே.

அப்பு: மாதிரிதான் அந்த வருஷத்தது. இதைக் கட்டினது நான். பாருங்க, சாம்பல் நிற உடம்பு. கழுத்தில் இரண்டு சேவல் இறகைச் சேர்த்துச் சுற்றியிருக்கிறேன். ஒன்று பழுப்பு, இன்னொன்று கறுப்பு வெள்ளை வரி. அந்த மயிரெல்லாம் விறைப்பாக நின்றால்தான் தண்ணீர்மேல் மிதக்கும்.

அப்பத்தா: மிதக்கட்டும். நார்த்தங்காய் எடுக்க ஜாடியில் கை விட்டால் இது ஏன் வருகிறது?

அப்பு: காலி ஜாடி என்று நினைத்தேன். கையில் குத்திவிட்டதா?

அப்பத்தா: குத்தியது. இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அப்புறம்தான் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

அப்பு: முள்ளில் இருக்கிற எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுவேன். மீனை விடுவிக்க வசதி.

அப்பத்தா: மீனுக்குப் பார்த்துச் செய்திருக்கிறாய். சரி. ஜாடியில் ஒரு கூட்டம். மங்குக் கூஜாவில் ஒரு கூட்டம். உங்கள் ஐயாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஒரு கூட்டம். இன்னும் எங்கெங்கே?

அப்பு: வெற்றிலைப் பெட்டியில் கொஞ்சம்...

அப்பத்தா: குன்னூரில் உனக்கு வீடு இல்லையா?

அப்பு: அங்கே சுவரே வேர்க்கிறது. ஒரே ஒரு ஈயை ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்தால் போதும், மூடின பெட்டிக்குள் ஈரம் சுற்றிச் சுற்றி வந்து மற்ற முள்ளும் துருப் பிடிக்கும். துருக்கறை இறகிலும் ஏறும். இது காய்ந்த ஊர். அதனால் கையிருப்பையெல்லாம் இங்கே கொண்டுவந்தேன்.

அப்பத்தா: ஐப்பசியில் முற்றத்துக்கு வந்து பார், காய்ந்த ஊரை.

அப்பு: அதற்குத்தான் உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கிறேன்.

அப்பத்தா: அந்தக் கற்கண்டா?

அப்பு: அப்பத்தா! தின்னுட்டீங்களா?

அப்பத்தா: தின்னாதே என்று படம் போட்டிருக்கிறது. எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது. ஆமாம், இந்த மீனை ஏன் குன்னூர்ப் பக்கம் போய்ப் பிடிக்க வேண்டும்? நம் ஊருணியில் விட்டால் என்ன?

அப்பு: அது குளிர்ந்த தண்ணீர் மீன். வெள்ளைக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து முட்டை வரவழைத்துப் பொரிக்க வைத்தது. நீலகிரியில், அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சுப் பொரிப்பகமே கட்டினார்கள். நம் ஊருணியில் விட்டால் வெந்துவிடும்.

அப்பத்தா: வெந்தே வந்தால் கேஸ் மிச்சம்.

(இங்கே கொஞ்சம் அமைதி நிலவியிருக்கலாம். அப்பத்தா விடவில்லை.)

அப்பத்தா: ஃபிரிட்ஜில் ஒரு கோழிக் கழுத்து இருந்ததே, அதை நேற்று குழம்புக்கு எடுத்துக் கொடுத்தேன்.

அப்பு: ஐயையோ! ஃபிரீசரில் இருந்த சேவல் கழுத்துத் தோலா?

அப்பத்தா: கறியே இல்லை. தோலும் இறகும்தான். எந்தக் கடையில் ஏமாந்தாய்?

அப்பு: இறகுக்கென்றே வளர்க்கிற சேவல், அப்பத்தா. அந்த ஒரு தோலில் நூற்றுக்கணக்கில் ஈ கட்டலாம். இப்போது எங்கே அது?

அப்பத்தா: இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மசாலா அரைத்ததுதான் வீண். உருளைக்கிழங்கில் போட்டாயிற்று.

அப்பு: அப்பாடா. அந்துப்பூச்சிப் புழுவும் சின்ன வண்டுப் புழுவும் இறகைத் தின்றுவிடும். புதுத் தோல் வந்தால் சில நாள் உறைய வைத்து, வெளியே எடுத்து, மறுபடி ஒரு தடவை உறைய வைத்த பிறகுதான் மற்றதோடு சேர்ப்பேன்.

அப்பத்தா: ஒரு பாச்சை உருண்டை போட்டால் தீர்ந்தது.

அப்பு: சில பிளாஸ்டிக் அதில் இளகிவிடும். வாடையும் ஈயில் ஏறும். மீனுக்கும் மூக்கு உண்டு.

அப்பத்தா: சரி, மொத்தம் எத்தனை வைத்திருக்கிறாய்?

அப்பு: தெரியவில்லை.

அப்பத்தா: (உட்கார்ந்துவிடுகிறார்) தெரியவில்லையா? இந்த வீட்டில் பிறந்துவிட்டு இப்படிச் சொல்கிறாயே! என் கல்யாணச் சாமான் அத்தனைக்கும் முறைச்சிட்டை என்று பட்டியல் இருக்கிறது. கரண்டிக்குக்கூடப் பெயர் வெட்டியிருக்கிறது. எது எந்தப் பெட்டகத்தில் என்று இருட்டில் கேட்டாலும் சொல்வேன். இந்தச் சாம்பல் ஈ மட்டும் ஏன் மூன்று டப்பாவில் கிடக்கிறது?

அப்பு: தேடினபோது கிடைக்கவில்லை. புதிதாகக் கட்டினேன். அப்புறம் பழையது கிடைத்தது.

அப்பத்தா: எல்லாவற்றையும் வெள்ளை வேட்டியில் கொட்டு. எப்படிப் பிரிக்கிறது?

அப்பு: இது ஆடம்ஸ், இது ராயல் கோச்மன், இது வூலி பக்கர்...

அப்பத்தா: பெயரா கேட்டேன்? தண்ணீரில் என்ன செய்யும், அதைச் சொல்.

அப்பு: டிரை ஃபிளை மேலே மிதக்கும். வெட் ஃபிளையும் நிம்ஃபும் மூழ்கும். ஸ்ட்ரீமர் குட்டி மீன் மாதிரி நீந்தும்.

அப்பத்தா: மிதப்பது, மூழ்குவது, நீந்துவது. மூன்று தட்டு. அதற்குள் அளவு வாரியாக வை.

அப்பு: அதுதான் கொஞ்சம் குழப்பம். முள்ளில் நம்பர் கூடக்கூட அளவு குறையும். 12-ஐ விட 16 சின்னது.

அப்பத்தா: இதில் என்ன குழப்பம்? நூல் மாதிரிதானே. 40-ஐ விட 80 மெல்லிசு.

அப்பு: (வாயடைத்துப் போகிறான்) எனக்கு இது மண்டையில் ஏற ஒரு சீசன் ஆயிற்று.

அப்பத்தா: நீ எந்தக் காலத்தில் நூல் வாங்கினாய்? இந்தா, அஞ்சறைப்பெட்டி.

அப்பு: வேண்டாம் அப்பத்தா. மிதக்கிற ஈயை அள்ளிப் போட்டு மூடினால் இறகு படுத்துவிடும். ஓர் அறையில் நாலைந்துதான் வைக்கலாம், தலைக்கு மேலே இடம் விட்டு. மூழ்குவதையும் நீந்துவதையும் நுரை ஷீட்டில் வரிசையாகக் குத்திவிடலாம்.

அப்பத்தா: அப்படியென்றால் என் நகைப் பெட்டியை எடுத்துக்கொள். நகை லாக்கரில் இருக்கிறது. பர்மாத் தேக்கு, அறை அறையாக இருக்கும்.

அப்பு: வெளிச்சமும் உள்ளே போகாது! சாயம் போட்ட இறகு வெயிலில் வெளுத்துவிடும். ஆனால் வெல்வெட்டை எடுத்துவிடணும், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அப்பத்தா: எடு. ஜாடியில் நசுங்கினதெல்லாம் குப்பைக்குத்தானே?

அப்பு: ஆவியில் காட்டினால் நிமிர்ந்துவிடும்.

அப்பத்தா: இட்லிப் பானை அடுப்பில்தான் இருக்கிறது.

(அடுப்படி. அப்பு ஓர் ஈயை இடுக்கியில் பிடித்து ஆவியில் காட்டுகிறான். ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்த மயிர்கள் ஒவ்வொன்றாக நெளிந்து எழுந்து வட்டமாக விரிகின்றன. அப்பத்தா குனிந்து பார்க்கிறார். கண்ணாடியில் ஆவி படிகிறது.)

அப்பத்தா: அடடே, உயிர் வந்த மாதிரி... எங்கே, காணோம்?

அப்பு: நழுவிவிட்டது.

அப்பத்தா: எங்கே விழுந்தது?

அப்பு: இட்லியில்.

அப்பத்தா: எந்த இட்லியில்?

அப்பு: ஆவியில் தெரியவில்லை.

அப்பத்தா: இந்த ஈடு முழுக்க உனக்குத்தான். விண்டு விண்டு பார்த்து, ஈயை எடுத்துக் காட்டிவிட்டுத் தின்னு.

(முள் கடைசியில் இட்லித் துணி ஓரத்தில் மாட்டியிருந்தது. அதற்குள் அப்பு எல்லா இட்லியையும் உதிர்த்திருந்தான். வீட்டில் அன்று எல்லோருக்கும் உப்புமா.)

அப்பத்தா: (நகைப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியபடி) அந்த ஈயை நன்றாகக் காய வைத்துக் கொண்டுவா, அப்புறம் திறக்கிறேன். இனி மீன் பிடிக்கப் போனால் என்னிடம் சிட்டை எழுதிக் கொடுத்துவிட்டு ஈ வாங்கிக்கொள். பன்னிரண்டு எடுத்தால் பதின்மூன்றாகத் திரும்பி வரவேண்டும்.

அப்பு: என் ஈக்கு என்னிடமே வட்டியா?

அப்பத்தா: கட்டத் தெரியும்தானே? உட்கார்ந்து கட்டு.

அப்பு: மீன் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு ஈயோடு போய்விட்டால்?

அப்பத்தா: மீன் பெயரில் பற்று எழுதிவிடுகிறேன். 1942-ல் யுத்தத்தில் பர்மாவில் விட்டு வந்த சொத்தே பேரேட்டில் இன்னும் வசூலாகாமல் நிற்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி காலியாகத்தான் இருக்கிறது.