"கார்ட்டூன் தானே"ன்னு சொல்றவங்க கொஞ்சம் இங்க வாங்க

"கார்ட்டூன் தானே, புள்ள பாக்கட்டும்." இன்னொரு தடவை யாராச்சும் என்கிட்ட இதைச் சொன்னா நிஜமாவே கத்திடுவேன். அனிமேஷன்ங்கிறது படம் எடுக்குற ஒரு முறை, அவ்ளோதாங்க. கையால வரைஞ்சு எடுப்பாங்க, களிமண் பொம்மையை நகத்தி நகத்தி எடுப்பாங்க, கம்ப்யூட்டர்ல எடுப்பாங்க, அதுல காமெடியும் வரும் கொலையும் வரும். ஆளுங்க நடிச்ச படத்தை எடுத்து "ஆளுங்க நடிச்சது தானே, புள்ள பாக்கட்டும்"னு யாராவது கைல குடுக்குறாங்களா? வரைஞ்ச படம்னா மட்டும் மூளையைக் கழட்டி வெச்சிடுறது.

அதுலயும் குறும்படம் இருக்கே, அதான் பெரிய தலவலி. குடும்ப குரூப்புல ஒரு லிங்க் வரும், கூடவே நாலு ஹார்ட்டு, "குழந்தைகளுக்கு அவசியம் காட்டவும், அருமையான கருத்து"ன்னு. தொறந்தா ஏழு நிமிஷப் படம். ஆறு நிமிஷம் தாத்தாவும் நாயும் ஜாலியா சுத்துவாங்க, கடைசி நிமிஷத்துல நாய் செத்துரும், தாத்தா காலி கூண்டைப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு, பேரு ஓட ஆரம்பிச்சிடும். அனுப்புனவர்கிட்ட "முழுசா பாத்தீங்களா மாமா"ன்னு கேட்டா "இல்லம்மா, ஆரம்பம் பாத்தேன், கலரெல்லாம் ரொம்ப அழகா இருந்துச்சு"ன்னு பதில். கலரு!

ரெண்டு மணி நேரப் படத்துல நடுவுல யாராச்சும் செத்தா அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கு, பாட்டு வரும், காமெடி வரும், புதுசா ஒரு ஃப்ரெண்டு வரும், அழுத புள்ள சிரிச்சுட்டுதான் எழுந்திரிக்கும். குறும்படத்துல அதுக்கெல்லாம் நேரமே கிடையாது. நிறைய படங்களோட கட்டுமானமே கடைசி முப்பது செகண்டுல ஒரு அடி அடிக்கிறதுதான். அடிச்சுட்டு முடிஞ்சிடும், ஆட்டோப்ளே அடுத்ததை ஓட்டிடும், புள்ள என்னத்த நினைச்சுதுன்னு கேக்கக்கூட நமக்கு நேரம் கிடைக்காது. முதல் ரெண்டு நிமிஷத்தைப் பாத்துட்டு "ஓகே, சேஃப்"னு போனைக் குடுக்குறவங்க எல்லாரும் மாட்டுறது இங்கதான்.

"வசனமே இல்ல, கெட்ட வார்த்தை இல்ல, அப்புறம் என்ன"ன்னு ஒரு லாஜிக் வேற. வசனம் இல்லேன்னா நடக்குறது என்னன்னு படத்துக்குள்ள யாரும் புள்ளைக்கு எடுத்துச் சொல்லலைன்னு அர்த்தம், அதுவா பாத்து அதுவா ஒரு பயத்தைக் கட்டிக்கும். 'இஃப் எனிதிங் ஹேப்பன்ஸ் ஐ லவ் யூ'ன்னு 2020ல வந்த 12 நிமிஷப் படம், அடுத்த வருஷமே ஆஸ்கர் வாங்குச்சு. மெல்லிசா பென்சில்ல வரைஞ்ச மாதிரி இருக்கும், பூனை வரும், அப்பா அம்மா நிழலெல்லாம் வரும். ஸ்கூல்ல நடந்த துப்பாக்கிச்சூட்டுல செத்துப்போன பொண்ணோட பெத்தவங்க கதை அது. பிரமாதமான படம், சந்தேகமே இல்ல. ஆனா போஸ்டரைப் பாத்தா அஞ்சு வயசுக்கா அம்பது வயசுக்கான்னு உங்களால சொல்ல முடியுமா? 'ஹேப்பி ட்ரீ ஃப்ரெண்ட்ஸ்'னு இன்டர்நெட்டுல வந்த கார்ட்டூன்காரங்க பரவால்ல, கொழுகொழுன்னு இருக்குற முயலையும் அணிலையும் கண்டந்துண்டமா வெட்டுனாலும் சின்னப் புள்ளைங்களுக்கு இல்லன்னு அவங்களே எழுதிப் போட்டாங்க. அப்பவும் படிக்காமதான் போட்டுக் குடுத்தாங்க நம்மாளுங்க.

இதுக்கு நேர் எதிர்ல ஒரு கோஷ்டி இருக்கு, சாவு வந்தாலே தடா, அழுதாலே தடா, வில்லன் முறைச்சாலே தடா. அவங்களையும் என்னால தாங்க முடியல. 2014ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, குழந்தைகளுக்கான 45 அனிமேஷன் படங்களை எடுத்து பெரியவங்க பாக்குற படங்களோட ஒப்பிட்டாங்க. முக்கியமான கேரக்டர் சாகுறது பெரியவங்க படங்கள்ல பாதியிலதான் இருந்துச்சு, குழந்தைங்க படங்கள்ல மூணுல ரெண்டு பங்குல இருந்துச்சு. அதாவது சாவு எப்பவும் உள்ளதான் இருக்கு, தாத்தா பாட்டி சொன்ன கதையிலயும் இருந்துச்சு. செத்ததுக்கப்புறம் படம் அந்தப் புள்ளையை யார் கைல விட்டுட்டுப் போகுதுங்கிறதுதான் என் கேள்வி. கட்டிப்பிடிக்க ஒரு ஆள் வர்றாங்களா, இல்ல இருட்டுல நிறுத்திட்டு "எ ஃபில்ம் பை"ன்னு பேரு போடுறாங்களா?

அப்புறம் இந்த வயசு நம்பரு. 7+ னு போட்டாச்சாம், கடமை முடிஞ்சுதாம். நாலு வயசுப் புள்ள உருவத்தைப் பாத்து பயப்படும், நல்ல மனசு இருக்குற பூதமா இருந்தாலும் பல்லு பெருசா இருந்தா முடிஞ்சுது கதை. ஒம்பது வயசுக்கு பூதமெல்லாம் தூசு, ஆனா திருடன் வீட்டுக்குள்ள வர்றது, அம்மா ஆஸ்பத்திரியில இருக்குறது, இதெல்லாம் நெஜமா நடக்கும்னு தெரியும், ராத்திரி லைட்டை அணைக்க விடாது. ரெண்டு பேரும் பயப்படுறது வேற வேற விஷயத்துக்கு, இதை ஒரே நம்பர்ல எப்படிய்யா அடைப்பீங்க? நெதர்லாந்துல 2001லேருந்து 'கெய்க்வைசர்'னு ஒரு முறை இருக்கு, வயசோட சேத்து காரணத்தையும் சின்னச் சின்ன படமா போடுறாங்க, அடிதடின்னா முஷ்டி, பயம்னா சிலந்தி. ஒரு பார்வையில வேலை முடிஞ்சிடும். ஆனா இது முக்கியமா டிவிக்கும் தியேட்டருக்கும் வர்ற படங்களுக்கு, திரைப்பட விழாவுல ஓடிட்டு நேரா இன்டர்நெட்டுல ஏறுற குறும்படங்கள்ல நிறையத்துக்கு எந்த சர்ட்டிஃபிகேட்டும் கிடையாது.

யூடியூப்ல "குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டது"ன்னு ஒரு முத்திரை இருக்கேன்னு கேப்பீங்க. அது எதுக்கு வந்துச்சுன்னு தெரியுமா? 13 வயசுக்குக் கீழ இருக்குற புள்ளைங்க தகவலை எடுத்த விவகாரத்துல 2019ல அமெரிக்காவுல 170 மில்லியன் டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க, அதுக்கப்புறம் 2020 ஜனவரில வந்த ஏற்பாடு. தகவல், விளம்பரம், அது சம்பந்தப்பட்ட சட்டத்துக்கான குறி அது, உள்ள இருக்குற கதை உங்க புள்ளைக்கு ஒத்துக்குமான்னு யாரோ உக்காந்து பாத்துக் குடுத்த மார்க் இல்ல. பெரும்பாலும் வீடியோ போடுறவங்களே டிக் பண்றதுதான். இதுல உச்சகட்டம் என்னன்னா அந்த முத்திரை விழுந்துட்டா கமென்ட் மூடிடும், "கடைசியில என் பொண்ணு பயந்து அழுதுட்டா"ன்னு இன்னொரு அம்மா எழுதி வெக்கக்கூட இடம் இல்ல.

பட விவரத்துலயாவது ஏதாவது இருக்கும்னு போனா "இழப்பின் மௌனங்களினூடே ஒரு கவித்துவப் பயணம்" மாதிரிதான் இருக்கும். யோவ், யாரு சாகுறா அதைச் சொல்லு. லைட்டு பளிச் பளிச்னு அடிக்குதான்னு ஒருத்தரும் எழுதுறதில்ல, 1997 டிசம்பர்ல ஜப்பான்ல போக்கிமான் கார்ட்டூனோட ஒரு எபிசோடுல செவப்பும் நீலமும் மாறி மாறி மின்னுனதைப் பாத்து வலிப்பு, தலைசுத்தல்னு 600 பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, பெரும்பாலும் சின்னப் புள்ளைங்க. அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு.

எனக்கு ரொம்பக் கடுப்பேத்துறது இந்த "கருத்து" கும்பல்தான். அப்பா அம்மா பேச்சைக் கேக்காத பையனை இருட்டுல ஏதோ ஒண்ணு இழுத்துட்டுப் போகுது, முதுகெலும்பு சில்லிடுற மாதிரி மியூசிக்கு, கீழ "கீழ்ப்படிதலின் அவசியம்"னு ஒரு வரி. இது நல்ல படமாம்! ஒரு பொண்ணு பாட்டி செத்த துக்கத்துல அழுறா, பக்கத்து வீட்டுப் பையன் ஒண்ணும் பேசாம கூட உக்காந்திருக்கான், அது "ரொம்ப சோகம், வேணாம்". பூச்சாண்டி காட்டுனா நீதி, அழ விட்டா ஆபத்து. இப்படிப் பிரிச்சுப் பாக்க உங்களுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தா?

நான் ஒண்ணும் தடை பண்ணச் சொல்லல. அனுப்புறதுக்கு முன்னாடி முழுசா பாருங்க, ஏழே நிமிஷம்தான். பாத்துட்டு யாரு சாகுறா, எது பயமா இருக்கும், எப்படி முடியுதுன்னு ரெண்டு வரி எழுதிப் போடுங்க, குடுக்கலாமா வேணாமான்னு நாங்க பாத்துக்குறோம். இதை குரூப்புல கேட்டதுக்கு ஒருத்தர் "அது ஸ்பாய்லர் ஆயிடுமே"ங்கிறாரு. ஸ்பாய்லராம்! அஞ்சு வயசுப் புள்ள ஒரே படத்தை மூணு மாசமா தினமும் பாக்குது சார், அதுக்கு என்ன சார் ஸ்பாய்லரு?