அது சிறிய காடு

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியை உங்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள் என்பது எனக்கு வந்து குவிந்த குறுஞ்செய்திகளிலிருந்தே தெரிகிறது. ஆம், நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றின் உச்சிக்குச் செல்லும் படிக்கட்டில் தொப்பி போட்டுக்கொண்டு கையசைத்துப் பேசும் அந்தக் ‘காட்டுக்குச் சொந்தக்கார ஆன்ட்டி’ நான்தான். நான்கு நாள் பேசாமல் இருந்தேன். என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே அதைப் பகிர்ந்து மகிழ்வதைப் பார்த்த பிறகு, எழுதாமல் இருப்பது தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது.

அன்று ஸ்பீக்கரில் பாட்டை ஒலிக்கவிட்டுக்கொண்டு ஏறிய எட்டு இளைஞர்களிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, அந்த ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு நடங்களேன், இது சிறிய காடு.” பையில் தொங்கிய ஸ்பீக்கரிலிருந்து வந்த பாட்டு, அவர்கள் கண்ணில் படுவதற்கு வெகு நேரம் முன்பே என் காதில் பட்டுவிட்டது. “இவ்வளவு பெரிய காட்டில் ஒரு ஸ்பீக்கரால் என்ன ஆன்ட்டி ஆகிவிடப் போகிறது?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விபோல் ஒலிக்கும் அந்தக் கேள்வியைத்தான் பின்னூட்டங்களில் நூறு பேர் நூறு விதமாகத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். காணொளியில் அந்தப் பாட்டு மட்டும் கேட்காது. அதை எடுத்துவிட்டு நகைச்சுவைப் பின்னணி இசை சேர்த்திருக்கிறார்கள். வெட்டி ஒட்டியவருக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது.

அது பெரிய காடு இல்லை. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியின் பரப்பு ஏறத்தாழ 1.6 சதுர கிலோமீட்டர். உச்சியின் உயரம் 163 மீட்டர். பக்கத்தில் மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதி இருக்கிறதே என்பீர்கள். இரண்டும் ஒன்றாக இருந்த காடுகள்தான். 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை நடுவே போனபோது இது தனித் துண்டாகிவிட்டது. சாலையைக் கடக்க முயன்ற எறும்புத்தின்னிகள் அடிபட்டுச் செத்தன. கடைசியில் 2013ஆம் ஆண்டு, 62 மீட்டர் நீளத்துக்கு, மரமும் செடியும் நட்டு, விலங்குகள் மட்டும் கடப்பதற்கென்று விரைவுச்சாலையின் மேலே ஒரு பாலம் கட்டினார்கள். மனிதர்களுக்கு அதில் அனுமதி இல்லை. இடம் போதாமல் தவிக்கும் உயிர்களுக்காக ஒரு நாடு பாலம் கட்டிக் கொடுக்கிறது. நாமோ அவற்றுக்கு மிஞ்சியிருக்கும் இடத்துக்குள் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ஏறி, எவ்வளவு பெரிய காடு என்று வியக்கிறோம்.

சிறியது என்பதால் அற்பமானது என்று நினைத்துவிட வேண்டாம். 1854இல் இங்கு வந்து தங்கிய பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைச் சேகரித்ததாகவும், அவற்றில் பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுக்குள்ளேயே கிடைத்தவை என்றும் எழுதி வைத்திருக்கிறார். அவர் காலத்திலேயே தோல் பதனிட உதவும் கம்பீர்ச் செடி, மிளகு ஆகியவற்றின் தோட்டங்களுக்காகத் தீவின் காடுகள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தன. எஞ்சியதில் ஒரு துண்டின் மேல்தான் நாம் ஞாயிறுதோறும் நடக்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், பணியில் இருந்தபோது, மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். எங்களுக்கு வழிகாட்ட வந்த தொண்டூழியர் ஓரிடத்தில் கையை மட்டும் உயர்த்தினார். எல்லாரும் நின்றோம். எதற்காக நின்றோம் என்று யாருக்கும் தெரியவில்லை. எதிரே ஒரு மரத்தண்டு, அதில் பாசி படர்ந்த பட்டை, அவ்வளவுதான். பிறகு அந்தப் பட்டை மெல்ல ஓரங்குலம் மேலே நகர்ந்தது. அது கொலுகோ. மரத்துக்கு மரம் சறுக்கிப் பறப்பதற்காக உடல் முழுவதும் தோலைப் போர்வையாகப் பெற்றிருக்கும் விலங்கு. அந்தப் போர்வையின் விளிம்பிலிருந்து ஒரு குட்டியின் தலை எட்டிப் பார்த்தது, உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண்களோடு. வகுப்பில் அரை நிமிடம் வாய் மூடியிராத பிள்ளைகள் மூச்சுவிடவும் தயங்கி நின்றார்கள். யாரும் அவர்களை அதட்டவில்லை. அன்று ஒரு ஸ்பீக்கர் அந்தப் பக்கம் வந்திருந்தால், நாங்கள் மரப்பட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம்.

இனி என்மீது சொல்லப்பட்டவற்றுக்கு வருகிறேன். “விரைவுச்சாலைச் சத்தத்தை விடவா எங்கள் பாட்டு மோசம்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சாலைச் சத்தம் விளிம்பில் கேட்கிறது. உள்ளே செல்லச் செல்லக் குறைகிறது. அது குறையும் இடத்தைத் தேடித்தான் பறவைகளும் உள்ளே போகின்றன. அங்கே நீங்கள் ஒலியைக் கையோடு எடுத்துச் செல்கிறீர்கள். நகரச் சத்தத்துக்கு நடுவே வாழும் பறவைகள் தங்கள் பாட்டின் சுருதியையே உயர்த்திக்கொள்வதை 2003இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பறவைக்குப் பாட்டு பொழுதுபோக்கு இல்லை; இணையை அழைப்பதும், இது என் எல்லை என்று அறிவிப்பதும் அதுதான். வைக்கோல் நிறத் தலை கொண்ட புல்புல், கூண்டு வியாபாரத்துக்காகப் பிடிக்கப்பட்டே 2018இல் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. அது இன்னும் சுதந்திரமாகப் பாடும் வெகு சில இடங்களில் நம் தீவும் ஒன்று. அதன் பாட்டுக்கு மேல் நம் பாட்டைப் போட்டுத்தான் தீர வேண்டுமா?

“வாரம் முழுவதும் உழைக்கிறோம், ஒரு நாள் மகிழ்ச்சியாக இருக்கக் கூடாதா?” என்பது இன்னொருவரின் கேள்வி. தாராளமாக இருங்கள். காதில் செருகிக்கொள்ளும் கருவி என்று ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுப் பல காலம் ஆகிறது.

தனியாக நடக்கும் பெண்கள் துணைக்குப் பாட்டு வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். அது வேறு விஷயம். இவர்கள் எட்டுப் பேர்.

“கையில் ரேடியோவோடு ஏறும் முதியவர்களைக் கேட்க உங்களுக்குத் தைரியம் உண்டா?” என்றும் கேட்டிருக்கிறார்கள். உண்டு, கேட்டிருக்கிறேன். ஒருவர் முறைத்தார், ஒருவர் ஒலியைக் குறைத்தார், ஒருவருக்கு நான் பேசியதே காதில் விழவில்லை. ஆனால் அவர்களில் யாரும் என்னைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பவில்லை.

இதையெல்லாம் விட என்னைச் சுட்டது வேறொரு வாதம்: “அபராதம் இருக்கிறதா? எந்த விதி என்று காட்டுங்கள்.” காணொளியில் வெட்டப்பட்ட இன்னொரு காட்சியையும் சொல்லிவிடுகிறேன். அதே குழுவில் ஒருவர் நெகிழிப் பையிலிருந்து ரொட்டியை எடுத்துக் குரங்கு ஒன்றுக்கு நீட்டினார். அதற்கு விதி உண்டு; 2020இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி முதல் முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம். அதைச் சொன்னதும் ரொட்டி பைக்குள் போன வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஸ்பீக்கருக்கு நான் காரணம் சொன்னேன், தொகை சொல்லவில்லை. அதனால் அது பாடிக்கொண்டே இருந்தது. 2014 முதல் 2016 வரை சீரமைப்புக்காக அந்த வனத்தின் பெரும்பகுதி மூடிக் கிடந்ததே, நினைவிருக்கிறதா? நம் கால்கள் பட்டே மண் அரித்து, வேர்கள் வெளியே வந்து கிடந்த பாதைகள் அவை. நடப்பதே அதற்குச் சுமை எனும்போது, நடப்பதைத் தவிர மற்றவற்றையாவது வீட்டில் வைத்துவிட்டு வரலாமே என்று கேட்பதற்கும் ஒரு சட்டப் பிரிவு வேண்டுமா?

நான் காட்டுக்குச் சொந்தக்காரி இல்லை. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், முழங்கால் வலியோடு மெதுவாக ஏறுகிறவள். “வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதானே” என்று எழுதியவருக்கு, எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். முன்பின் தெரியாதவர் அவர், விட்டுவிடலாம். அந்தப் பின்னூட்டத்துக்குச் சிரிப்புக் குறியிட்டிருந்தவர்களில் மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள். அதில் ஒருத்தி, அன்று கொலுகோவைப் பார்த்து மூச்சடக்கி நின்ற வகுப்பில் இருந்தவள். நேற்றிரவு அவள் தனியே செய்தி அனுப்பியிருந்தாள்: “சாரி டீச்சர், யோசிக்காமல் போட்டுவிட்டேன். ஆனாலும் நீங்கள் அந்தப் பையன்களிடம் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினீர்கள்.”

இரண்டு ஆண்டுகள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவளுக்கு, நான் கடுமையாகப் பேசினால் எப்படி இருக்கும் என்று தெரியாதா என்ன?