பாங்காக்கில் எங்களைப் பிடித்து வைத்திருப்பது மலிவு இல்லை

"மாதம் 50,000 ரூபாயில் பாங்காக்கில் ராஜா மாதிரி வாழலாம்" வகை வீடியோக்களை ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ராஜா எல்லாம் வேண்டாம், சுகும்விட் பக்கம் ரயிலுக்கு நடக்கிற தூரத்தில் ஓர் அறை எடுத்து, ஏசி போட்டுத் தூங்கி, அவ்வப்போது நல்ல காப்பி குடித்தாலே அந்தப் பணம் மாதக் கடைசி வரை வராது. மலிவு என்று வந்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வந்தவர்கள் ஏன் திரும்பிப் போகாமல் இருக்கிறார்கள் என்று கேட்டால் அதற்கு மலிவு பதில் ஆகாது. மலிவு என்று பார்த்தால் மதுரையும் மலிவுதான்.

என்னைக் கேட்டால், இந்த ஊரில் குடும்பம் மாதிரி ஒரு வீட்டைக் கட்டி மேய்க்காமலே மனுஷராக வாழலாம். தனியாக இருக்கிறவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் இருப்பது ஓன் நுட். என் அறையில் அடுப்பு என்று இருப்பது ஒற்றை மின் அடுப்பு, அதிலும் பெரும்பாலும் தண்ணீர்தான் கொதிக்கும். விடிந்தும் விடியாமலும் எங்கள் சொய் முனையில் (சொய் என்றால் இங்கே சந்து, ஆனால் சில சந்துகள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும்) கரி அடுப்பில் பன்றி இறைச்சிக் குச்சிகள் வாட்ட ஆரம்பித்துவிடுவார்கள், கூடவே சின்ன பிளாஸ்டிக் பையில் பசையரிசிச் சோறு. மதியம் குழம்புச் சோற்றுக் கடை. வரிசையாக எவர்சில்வர் தட்டங்களில் பதினைந்து இருபது வகை இருக்கும், பெயர் தெரிய வேண்டியதே இல்லை, விரலை நீட்டினால் போதும், சோற்றின் மேல் இரண்டு கரண்டி விழும். 50, 60 பாட் (தாய்லாந்துப் பணம்). மேசையில் மீன் சாற்றில் (ஃபிஷ் சாஸ்) ஊறிய மிளகாய், காய்ந்த மிளகாய்த் தூள், வினிகரில் போட்ட மிளகாய், சர்க்கரை என்று நான்கு கிண்ணம். நூடுல்ஸ் கடையில் முழு ஆம்பிளைகள் சூப்பில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்குவதை முதலில் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது, இப்போது நானும் அரைக் கரண்டி போடுகிறேன்.

இதில் எனக்குப் பிடித்தது ருசி இல்லை (ருசியும்தான்). ஒற்றை ஆளாகப் போய் உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நம் ஊர் மெஸ்ஸில் இரவு எட்டரை மணிக்கு ஒரு பெண் தனியாகப் போய் உட்கார்ந்து பாருங்கள். "எத்தனை பேரு?" என்பார்கள். ஒருத்தர் என்றால், "கூட யாரும் வரலையாம்மா?" என்பார்கள், அப்புறம் ஃபேமிலி ரூமைக் காட்டுவார்கள். அக்கறைதான், ஆனால் தினமும் அந்த அக்கறைக்குப் பதில் சொல்ல முடியாது. இங்கே இரவு பத்து மணிக்குப் பாதிப் பேர் தனியாகத்தான் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள், அதில் பாதி பெண்கள்.

மற்றதும் அப்படித்தான். சலவைக்குக் காசு போடும் மெஷின் கடைகள் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும், கரண்ட் பில் செவன் லெவனில் கட்டலாம், ஜிப் அறுந்துபோனால் நடைபாதையிலேயே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் அக்கா காத்திருக்கும்போதே தைத்துக் கொடுத்துவிடுவார்.

சைவக்காரர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன், கஷ்டம்தான், மீன் சாறு எல்லாவற்றிலும் இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பில் 'ஜே' என்று தாய் எழுத்தில் இருக்கும் கடையைத் தேடிப் போங்கள், அங்கே முட்டை, பால் கூட இருக்காது, வெங்காயம் பூண்டும் கிடையாது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் சைவத் திருவிழா வரும்போது ஊர் முழுக்க அந்தக் கொடிதான். இட்லி தோசைக்கு ஏங்கினால் சீலோம் பக்கம் போகலாம். பான் ரோடு மாரியம்மன் கோயிலும் அங்கேதான், 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த தமிழர்கள் கட்டியது. இப்போது போனால் நம் ஆட்களைவிட தாய் மக்கள்தான் அதிகம் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நவராத்திரி முடிவில் ஊர்வலம் வரும்போது தெருவையே அடைத்துவிடுவார்கள்.

பார்க்குகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமே இல்லை. லும்பினி பார்க்கில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். ஓடிக்கொண்டிருப்பவர், வியர்வை வழிய மூச்சு வாங்குபவர், நடப்பவர் எல்லாரும் அப்படியே நிற்பார்கள். முடிந்த நொடியில் ஓட்டம் தொடரும். பக்கத்தில் ஒரு கூட்டம் பாட்டுப் போட்டு ஏரோபிக்ஸ் ஆடும், பாட்டிகள் முதல் வரிசை. காசு கிடையாது, பேர் கொடுக்க வேண்டாம், பின்னால் போய் நின்று கையைக் காலை ஆட்டலாம். குளத்தங்கரையில் ஆள் நீளத்துக்கு உடும்புகள் படுத்திருக்கும், அவை பாட்டுக்கு அவை, நாம் பாட்டுக்கு நாம். அங்கிருந்து நடைபாலத்திலேயே பெஞ்சகிட்டி பார்க்குக்குப் போய்விடலாம். அந்த இடம் புகையிலைத் தொழிற்சாலையாக இருந்தது, 2022இல் காட்டுப் பூங்காவாகத் திறந்தார்கள். நகரத்தின் நடுவில் அவ்வளவு விலையுள்ள நிலத்தில் மால் கட்டாமல் சதுப்பு நிலம் செய்து மேலே நடக்கப் பாலம் போட்டிருக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆச்சரியம் போகவில்லை.

டிராஃபிக்கைத் திட்டுகிறவர்கள் சேன் சேப் கால்வாய்ப் படகில் ஏறிப் பாருங்கள். நாற்றம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். எதிரே இன்னொரு படகு வந்தால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் கயிற்றை இழுத்து பிளாஸ்டிக் திரையை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் கால்வாய்த் தண்ணீர் மொத்தப் படகின் முகத்திலும். கண்டக்டர் வெளிவிளிம்பில் நடந்தே டிக்கெட் கொடுப்பார். ரோட்டில் ஒரு மணி நேரம் நிற்கிற தூரத்துக்கு இதில் கால் மணி.

நடைபாதை மட்டும் கேட்காதீர்கள். மழை விட்டதும் ஆடுகிற கல் ஒன்றின் மேல் கால் வைத்தால் முழங்கால் வரை சேறு. டிராஃபி ஃபோண்டு என்று ஒரு செயலி இருக்கிறது, படம் எடுத்துப் போட்டால் நகராட்சிக்குப் போகும், 2022இல் சட்சாட் பாங்காக் கவர்னராக (இங்கே கவர்னர் என்றால் மேயர் மாதிரி) வந்த பிறகு அதை ரொம்பவே உபயோகிக்கிறார்கள். எங்கள் சொய்யில் நான் புகார் போட்ட கல்லைச் சரி செய்தார்கள். பக்கத்துக் கல் இப்போது ஆடுகிறது.

சரி, இப்போது கொஞ்சம் கசப்பு. இந்த சுகம் விருந்தாளியின் சுகம். ஓட்டு கிடையாது, நிலம் வாங்க முடியாது, அடுக்குமாடியில் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டார் பெயரில் இருக்கலாம், தொடர்ந்து இருந்தால் 90 நாளுக்கு ஒரு முறை "இங்கேதான் இருக்கிறேன்" என்று குடியேற்றத் துறைக்குச் சொல்ல வேண்டும். இதைப் பெரிய கொடுமை மாதிரிப் புலம்பும் வெள்ளைக்காரர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எனக்கு மதியம் தட்டை எடுத்துப்போகும் பையனும் வெளிநாட்டவன்தான், மியன்மார்க்காரன். அவனை யாரும் எக்ஸ்பேட் (வசதியான வெளிநாட்டவருக்கு வைக்கும் பேர்) என்று சொல்வதில்லை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் சத்துசக் பக்கம் கட்டிக்கொண்டிருந்த அரசுத் தணிக்கை அலுவலகக் கட்டடம் அப்படியே உட்கார்ந்ததே, அதற்குள் இருந்தவர்களிலும் மியன்மார்த் தொழிலாளர்கள் உண்டு. அன்று ரயில் நின்றுபோய் நாங்கள் எல்லாரும் நடந்தே வீடு வந்தோம், சுவர் விரிசலைப் படம் எடுத்துக் குழுக்களில் போட்டோம். அவர்கள் வீட்டாரோ அந்த இடிபாட்டுக்கு வெளியே நாள்கணக்கில் காத்திருந்தார்கள். நாங்கள் வீடு நடத்தாமல் வாழ்கிறோம் என்றால் எங்களுக்காக யாரோ சமைத்து, துவைத்து, கட்டடம் கட்டுகிறார்கள். இது தெரிந்தே ரசிக்கிறேன். ரசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

வரலாமா என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கு: டிசம்பரில் வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள், ஏப்ரலில் வாருங்கள், வெயில் தாங்கினால் பார்க்கலாம். ஆஸ்துமா இருந்தால் ஜனவரி, பிப்ரவரி புகைமூட்டத்தை யோசியுங்கள். வாடகை வீட்டுக்கு இரண்டு மாத முன்பணமும் ஒரு மாத வாடகையும் சேர்த்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கரண்ட் யூனிட் என்ன விலை என்று கையெழுத்துக்கு முன்னாலேயே கேளுங்கள், சில கட்டடங்களில் அரசு விலைக்கு மேல் வைத்து வாங்குவார்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் வரவே வராதீர்கள், தனியார் மருத்துவமனை பில் வந்தால் அந்த 50,000 ரூபாய் வீடியோ எடுத்தவர் வந்து கட்ட மாட்டார்.