லார்க், ராபின்: ஒரு திருத்தம்
அமெரிக்கக் காண்ட்ரா நடனம் என்பது, ஒருவர் அடுத்த அசைவைக் கூப்பிட்டுச் சொல்ல, இணைகள் நீண்ட வரிசைகளில் நின்று ஆடும் நாட்டுப்புற நடனம். அதில் 'ஆண்கள், பெண்கள்' என்பதற்குப் பதிலாக 'லார்க், ராபின்' என்று கூப்பிடுவது ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதைத் தடுக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. யாரும் யாருடனும் ஆடலாம், அசைவுகளும் மாறவில்லை. இருவரும் பிடித்துக்கொண்டு சுழலும் 'ஸ்விங்' அசைவை முடித்ததும் இணையில் இடப்பக்கம் நிற்பவர் லார்க், வலப்பக்கம் நிற்பவர் ராபின், அவ்வளவுதான். இடது, வலதுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தே இந்தப் பறவைப் பெயர்களுக்கும் என்பதால் புதியவருக்கும் சட்டென்று பிடிபடும்.

'ஜிப்சி' என்ற அழைப்பைப் பல இடங்களில் கைவிட்டது வேறு விஷயம். அது ஐரோப்பாவின் ரோமா இன மக்களைக் குறிக்கும் சொல், அவர்களில் பலருக்கு அது வசைச்சொல். கை தொடாமல், கண்ணைப் பார்த்தபடி ஒருவரையொருவர் சுற்றிவரும் அந்த அசைவுக்கு 'ரைட் ஷோல்டர் ரவுண்ட்' (வலது தோள் சுற்று) என்ற பெயர் இன்னும் தெளிவு. எந்தத் தோள் பக்கம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. அப்புறம், பழையபடி கூப்பிடும் ஊர்களும் இன்னும் இருக்கின்றன.