அந்த லாரியை வரவழைத்த மனுவில் என் கையெழுத்தும் உண்டு

இதைக் கடைத்தெருவில் நின்று சொன்னால் எங்கள் கடைக்காரர் சங்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். (அவர்களில் பாதிப் பேர் இங்கேயும் இருக்கிறார்கள். படிக்கட்டும்.)

எனக்குப் பாத்திரக்கடை. அப்பா ஆரம்பித்தது. நாலு வருடத்துக்கு முன்னால் தீபாவளி நெருங்கும் நேரத்தில், கடைத்தெருவில் இருக்கும் தரைக்கடைகளையும் தள்ளுவண்டிகளையும் அகற்றச் சொல்லி நகராட்சிக்குக் கொடுக்க சங்கத்தில் ஒரு மனு தயாரானது. மூன்றாவது கையெழுத்து என்னுடையது. காரணமும் பொய்யில்லை. வாசலை மறித்து வண்டி நின்றால் குடும்பத்தோடு வருகிறவர்கள் உள்ளே நுழையச் சங்கடப்பட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

பத்து நாளில் லாரி வந்தது. காலை பதினொரு மணி. சீப்பு, ரிப்பன், பனியன், வாழைப்பழம் என்று வித்தியாசமே பார்க்காமல் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார்கள். என் கடை வாசலில் பதினைந்து வருடமாகக் கொய்யாப்பழம் விற்கிற அக்காவின் வண்டியும் போனது. அவர் கத்தவில்லை, அழவில்லை. என் கடைப் படியில் உட்கார்ந்து, "தராசையாவது குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க தம்பி, போன மாசந்தான் முத்திரை போட்டு வாங்கினேன்" என்றார். மனுவில் என் கையெழுத்து இருப்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த இடத்துக்கு அவரிடம் அப்பா காலத்திலிருந்தே மாதம் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தோம். நான் பொறுப்புக்கு வந்ததும் எண்ணூறு ஆக்கினேன். சாயங்காலம் ஒரு பல்பு எரிய நம் கடையிலிருந்து வயர் இழுத்துக்கொள்ளலாம் என்பது சலுகை. வாசல்படிக்கு வெளியே இருப்பது நகராட்சி ரோடு. அதற்கு நான் என்ன பாத்தியதையில் வாடகை வாங்கினேன் என்று அன்றுவரை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் பெரும்பாலான கடைக்காரர்கள் வாங்குகிறார்கள். வாடகையையும் வாங்கிக்கொண்டு அகற்றவும் மனு கொடுத்தவர்கள் நாங்கள்.

மூன்றாம் நாள் குற்ற உணர்ச்சி தாங்காமல் அவரோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பின்பக்கத் திடலில் வண்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்திருந்தார்கள். அக்காவின் கொய்யா சாக்குக்குள்ளேயே புளித்து ஒழுகி, ஈ மொய்த்துக் கிடந்தது. "என்னென்ன எடுத்தீங்கன்னு பட்டியல் இருக்கா சார்?" என்று கேட்டேன். "பட்டியலா? வண்டியை அடையாளம் காட்டுனா போதும் சார், எடுத்துக்கலாம்" என்றார் அங்கிருந்தவர். நல்ல மனுஷன்தான், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அபராதம் கட்டி நாலாம் நாள் வண்டி கைக்கு வந்தது. தராசு வரவில்லை. பட்டியலே இல்லாதபோது தராசு இருந்தது என்பதற்கு என்ன சாட்சி?

என் கூடப்பிறந்த அக்காவின் மகன் வக்கீலுக்குப் படிக்கிறான். அன்று ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னேன். "மாமா, இதுக்கு 2014லயே சட்டம் வந்தாச்சு. பத்தொன்பதாவது பிரிவை மட்டும் படிங்க" என்று போனில் அனுப்பினான்.

படித்தேன். தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம். 2014 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரை இடம் மாற்றவோ அகற்றவோ வேண்டுமென்றால் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் காலி செய்யாவிட்டால்தான் பொருளை எடுக்கலாம். எடுக்கும்போது பட்டியல் போட்டு, எடுத்தவர் கையெழுத்திட்ட நகலை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். கட்டணம் செலுத்தி உரிமை கோரினால், கெட்டுப்போகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாட்களுக்குள். கொய்யா எந்த வகை என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை.

இந்தச் சட்டம் திடீரென்று யாருடைய இரக்கத்திலும் வந்ததில்லை. அகமதாபாத் மாணெக் சவுக் சந்தையில் காய்கறி விற்கும் பெண்களுக்காக, இலா பட் தொடங்கிய சுயதொழில் பெண்கள் சங்கமான சேவா வழக்காடியது ஒரு கிளை. 1989இல் டெல்லி சோதன் சிங் வழக்கில், தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியலமைப்பின் 19(1)(ஜி) சொல்லும் தொழில் உரிமைக்குள் அடங்கும், அதை ஒழுங்குபடுத்தலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது இன்னொரு கிளை. 2010இல் கெய்ண்டா ராம் வழக்கில் அதே நீதிமன்றம், இதற்கு முறையாக ஒரு சட்டம் இயற்றுங்கள் என்று அரசுக்குக் கெடு விதித்தது. இப்படி இழுத்து இழுத்துத்தான் வந்து சேர்ந்தது.

சட்டத்தின் முதுகெலும்பு எது என்று கேட்டால் நான் கணக்கெடுப்பைச் சொல்வேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது ஊரில் இருக்கும் எல்லாத் தெருவோர வியாபாரிகளையும் கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது முடியும்வரை யாரையும் அகற்றக் கூடாது. முதலில் எண்ணு, பிறகு நகர்த்து. இந்த வரிசைதான் எங்கள் ஊரில் தலைகீழாக நடந்தது. எண்ணவே இல்லை, லாரி மட்டும் வந்தது. சில ஊர்களில் எண்ணுகிறார்கள், ஆனால் ஆபீஸ் நேரத்தில் எண்ணுகிறார்கள். விடிகாலை கீரைக்காரியும் ராத்திரி ஏழு மணிக்கு மேல் வரும் இட்லி வண்டியும் அந்தக் கணக்கில் எப்படி வரும்?

"இப்படியே விட்டா ஊரே கடையாயிடும்" என்பது எங்கள் சங்கத்தின் நிரந்தர வசனம். அதற்கும் சட்டத்தில் அளவு இருக்கிறது. அந்தப் பகுதி தாங்கும் அளவுக்கு உட்பட்டு, மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம். லட்சம் பேர் உள்ள ஊரில் 2,500 பேர். சான்றிதழ் வாங்கியவர் தானோ தன் குடும்பத்தாரோதான் கடை போட வேண்டும், வாடகைக்கு விடக் கூடாது. வேறு பிழைப்பு இருக்கக் கூடாது. அந்த இடத்தில் அவருக்கு நிரந்தர உரிமை எதுவும் வந்துவிடாது என்றும் சட்டமே சொல்கிறது. பட்டா கொடுத்துவிட்ட மாதிரி நாம் பதறுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

நடக்கிறவர்கள் கதி என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், கோல் ஊன்றித்தான் நடக்கிறார். நடைபாதையில் இடமில்லாமல் அவர் ரோட்டில் இறங்கி, பஸ் ஹாரன் அடிக்க ஒதுங்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் நடக்க இருக்க வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள் அம்மாவோடு எங்கள் தெருவை நடந்தே அளந்து பார்த்தேன். அவரை ரோட்டில் இறக்கியவை என்னென்ன தெரியுமா? முதலில் பைக்குகள். அப்புறம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ஒரு ஜவுளிக்கடை போர்டு. பிறகு நடைபாதையில் இரண்டு வரிசையாக அடுக்கியிருந்த எவர்சில்வர் குடங்கள். என் கடைக் குடங்கள். அன்று லாரியில் வந்தவர்கள் அந்தக் குடங்களைச் சுற்றிப் போய்த்தான் கொய்யா வண்டியைத் தூக்கினார்கள்.

ஒழுங்குமுறை வேண்டாம் என்று சொல்லும் சில தோழர்களோடும் எனக்கு ஒத்துவராது. ஆம்புலன்ஸ் திரும்பும் முக்கில் பானிபூரி வண்டி நிற்கத்தான் கூடாது. எங்கே விற்கலாம், எங்கே கூடாது, எந்த நேரத்தில் விற்கலாம் என்று யாராவது முடிவு செய்துதான் ஆக வேண்டும். அதற்குத்தான் நகர விற்பனைக் குழு என்று ஒன்றைச் சட்டம் வைத்திருக்கிறது. நகராட்சி ஆணையர் அதற்குத் தலைவர். போலீஸ், போக்குவரத்து, சுகாதாரம் எல்லாரும் உண்டு. நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஆட்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கடைக்காரர் சங்கங்களுக்கும் அதில் இடம் உண்டு. அதாவது நாங்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கவே வேண்டாம். பழக்கார அக்கா எதிரே உட்கார்ந்திருக்கும் மேஜையில் எங்கள் ஆளும் உட்கார்ந்து, "வண்டி வாசலுக்கு நேரா நிக்காம ரெண்டு தூண் தள்ளி நிக்கட்டும்" என்று பேசியிருக்கலாம். என் பிரச்சினை அவ்வளவுதானே? இரண்டு தூண்.

இடமாற்றம் என்றால் ஏதோ ஒரு மூலையில் கட்டடம் கட்டி உள்ளே தள்ளுவது என்றே நினைக்கிறார்கள். வியாபாரம் தெரிந்தவனாகச் சொல்கிறேன், தெருவில் வாங்குகிறவர் அதற்கென்று கிளம்பி வருகிறவர் இல்லை. பஸ் பிடிக்கப் போகிற வழியில் கண்ணில் பட்டால் அரை கிலோ வாங்குவார். சென்னை பாண்டி பஜாரில் நடைபாதைக் கடைகளை மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். இருபது ரூபாய் ஹேர்பின்னுக்கு யார் மாடிப்படி ஏறுவார்கள்? பல காலமாக வாங்குகிறவரும் விற்கிறவரும் கூடும் இடத்தை 'இயல்பான சந்தை' என்கிறது சட்டம். கணக்கெடுப்பில் அப்படி அடையாளம் கண்ட இடத்தை விற்பனை தடைப் பகுதியாக அறிவிக்கவே கூடாது. 2023 ஏப்ரலில் சென்னை லூப் ரோட்டில் மீன் கடைகளை அகற்றப் போனபோது நொச்சிக்குப்பத்து மக்கள் மறியலில் உட்கார்ந்ததும், ரோடு வருவதற்கு முன்னாலிருந்தே இது எங்கள் இடம் என்று கேட்டதும் இதே விஷயம்தான். போக்குவரத்து நெரிசல் என்ற பிரச்சினை நீதிமன்றம் வரை போனது உண்மை. ஆனால் குப்பமும் மீனும் கடற்கரையில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

சான்றிதழ் என்கிற அந்தக் காகிதம் கையில் இல்லாததால் அக்காவிடம் எத்தனை பேர் கை நீட்டுகிறார்கள் என்று ஒருநாள் கேட்டுக் கணக்குப் போட்டேன். கடை வாசலுக்கு நான். தினசரி சீட்டு கிழிக்கிற குத்தகைக்காரர், சில நாள் சீட்டு இருக்கும், சில நாள் இருக்காது. மாமூல் வாங்குகிறவர்கள், பணமாக இல்லாவிட்டால் பழமாக. இது போக, காலையில் 900 வாங்கி சாயங்காலம் 1,000 ஆகத் திருப்பித் தரும் தண்டல். அபராதம் கட்டிய ரசீது ஒன்றுதான் பதினைந்து வருடத்தில் அரசாங்கம் அவருக்கு எழுத்தில் கொடுத்த ஒரே அத்தாட்சி. 2020இல் மத்திய அரசு தெருவோர வியாபாரிகளுக்காகக் கொண்டுவந்த ஸ்வநிதி கடன் திட்டத்தில் முதல் கடனாகவே 10,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கொடுத்தார்கள். அதைக் கேட்டுப் போனால் முதலில் கேட்பது சான்றிதழோ அடையாள அட்டையோ, இல்லையென்றால் ஒரு பரிந்துரைக் கடிதம். "எங்கிட்ட இருக்கிறது இதுதான்" என்று அபராத ரசீதை நாலாக மடித்துச் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

எண்ணூறு ரூபாய் வாங்குவதை நிறுத்திவிட்டேன். குடங்களையும் உள்ளே எடுத்துவிட்டேன். வியாபாரம் ஒன்றும் குறையவில்லை, குடம் துடைக்கிற வேலைதான் குறைந்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பதினைந்து வருட வாடகையை நான் திருப்பிக் கொடுத்துவிடவில்லையே.

இந்த வருடமும் சங்கத்தில் அதே மனு சுற்றுக்கு வந்தது. தேதி மட்டும் புதிது. கையெழுத்துப் போடவில்லை. செயலாளருக்கு வருத்தம். "நீங்களே இப்படிச் செஞ்சா எப்படி அண்ணாச்சி?" என்றார். மனுவில் கையெழுத்துப் போடுவதற்குப் பதிலாகப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி அனுப்பியிருக்கிறேன். எங்கள் ஊரில் தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பு கடைசியாக எப்போது நடந்தது? நகர விற்பனைக் குழுவில் இருப்பவர்கள் யார் யார்? அந்தக் குழு கடைசியாகக் கூடிய தேதி என்ன?

முப்பது நாளில் பதில் வர வேண்டும். இன்று இருபத்திரண்டாவது நாள்.